ஐப்பசி மழைக்கு ஒரு பூப்பாத்தி

(கம்போங் மேடான் வட்டாரக் குடியிருப்பாளர்களுக்காக ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வெளியூரில் கம்போங் மேடான் என்று சொன்னால் இன்றைக்கும் பலருக்கு 2001 மார்ச் மாதக் கலவரம்தான் ஞாபகத்துக்கு வருகிறது. அதைப் பற்றிப் பேச வேண்டியவர்கள் பேசட்டும். எனக்குக் கொடுத்த வேலை பூச்செடி. தீபாவளிக்கு வாசலும் கோயில் முகப்பும் நிறம் நிறமாக இருக்க வேண்டும், அதற்கு என்ன செடி வைக்கலாம், எப்போது வைக்கலாம் என்று சொல்லச் சொன்னார்கள். இந்த வருடம், அதாவது 2026-இல், தீபாவளி நவம்பர் 8. ஆகவே இப்போதே பேசிவிடுவது நல்லது. அக்டோபரில் பேசினால் பயன் இல்லை. அப்போது செடி வைக்க முடியாது, வாங்கத்தான் முடியும்.

முதலில் ஒரு சங்கடத்தைச் சொல்லிவிடுகிறேன். தீபாவளி நேரத்துக்கென்று யூடியூப்பில் இலையுதிர்காலப் பூப்பாத்தி என்று தேடினால் இங்கிலாந்திலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் நூறு காணொளி வரும். செவ்வந்தி வை, ஆஸ்டர் வை, பான்சி வை என்பார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும். அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு நம் ஊர்ச் செடிக்கடைக்குப் போனால் காசு போகும், செடியும் போகும்.

காரணம் இதுதான். 1920-இல் கார்னர், அல்லார்டு என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள், சில செடிகள் பகல் எவ்வளவு நீளம் என்று பார்த்துத்தான் பூக்கின்றன என்று எழுதினார்கள். உண்மையில் செடி கணக்கு வைப்பது இரவை. இரவு நீண்டுகொண்டே போனால் செவ்வந்திக்கு மொட்டு வைக்கும் நேரம் வந்துவிட்டது என்று தெரியும். லண்டனில் ஜூன் மாதத்துப் பகலுக்கும் டிசம்பர் மாதத்துப் பகலுக்கும் 8 மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம் உண்டு. நமக்கு? நாம் பூமத்தியரேகைக்கு வடக்கே 3 டிகிரியில் இருக்கிறோம். நம்முடைய மிக நீளமான பகலுக்கும் மிகக் குட்டையான பகலுக்கும் உள்ள வித்தியாசம் ஏறக்குறைய 20 நிமிடம். பசார் மாலாமில் கார் நிறுத்த இடம் தேடினாலே அந்த நேரம் போய்விடும்.

இங்கே வருடம் முழுவதும் செவ்வந்திக்கு நீண்ட இரவுதான். சின்னச் செடியாக இருக்கும்போதே மொட்டு வைத்துவிடப் பார்க்கும். கேமரன் மலையில் செவ்வந்தி போடுகிறவர்கள் இரவில் வரிசை வரிசையாக விளக்குப் போட்டு வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அலங்காரத்துக்கு இல்லை. வெளிச்சம் காட்டி இரவை உடைத்து, தண்டு நீளும்வரை செடியைப் பூக்கவிடாமல் வைத்திருக்கிறார்கள். தண்டு போதும் என்றானதும் விளக்கை அணைக்கிறார்கள், மொட்டு வருகிறது. அங்கே அது நடப்பதற்கு இன்னொரு காரணம் குளிர். அதே செடியைக் கீழே கொண்டுவந்தால் நம் வெக்கையில் மொட்டு விரியத் தயங்கும். ஆகவே தீபாவளிக்கோ சீனப் பெருநாளுக்கோ தொட்டியில் வரும் மஞ்சள் செவ்வந்தியை இரண்டு மூன்று வாரத்துப் பூங்கொத்தாக நினைத்து வாங்குங்கள். அதைப் பாத்தியில் நட்டு அடுத்த வருடத்துக்குக் காப்பாற்ற வேண்டாம். பான்சியையும் பெட்டூனியாவையும் பற்றி நான் பேசவே போவதில்லை.

அப்படியென்றால் நமக்கு இலையுதிர்காலமே கிடையாதா? தோட்டத்தில் பிறந்து வளர்ந்த பெரியவர்கள் இங்கே இருக்கிறார்கள், அவர்களைக் கேளுங்கள். வருடத் தொடக்கத்தில் வெயில் காயும் வாரங்களில் பால்மரம் சிவந்து, பழுத்து, மொத்தமாகக் கொட்டும். பால் குறையும், வரும்படியும் குறையும். இந்தப் பெட்டாலிங் ஜெயாவே 1950-களின் தொடக்கத்தில் எஃபிங்ஹாம் ரப்பர்த் தோட்டத்து நிலத்தில் எழுந்த ஊர்தான். சாலையோரத்துக் கெத்தாப்பாங் மரத்தைப் பாருங்கள், விழுவதற்கு முன் ஒவ்வோர் இலையும் குங்குமச் சிவப்பாகிவிடும். ஆனால் அதெல்லாம் வறட்சியால் வரும் நிறம், குளிரால் வருவதில்லை. தீபாவளி நேரத்தில் நமக்கு இருப்பது அதற்கு நேர் எதிர்: மழை. நம் முன்னோர் ஆறு பருவம் வகுத்தபோது ஐப்பசியையும் கார்த்திகையையும் கூதிர் என்றார்கள். கிள்ளான் பள்ளத்தாக்கில் அக்டோபர், நவம்பர் மாதங்களில் மூன்று மணிக்கு இருட்டிக்கொண்டு வந்து, இடி இடித்து, ஐந்து மணிக்கு லோங்காங் நிரம்பி ஓடும். வருடத்துக்கு 2,400 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் ஊர் இது. சென்னையில் அது ஏறக்குறைய 1,400. ஆகவே நம் பூப்பாத்திக்குச் செடி தேர்ந்தெடுப்பது என்பது மழையில் நிற்கிற செடியைத் தேர்ந்தெடுப்பது. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

மழையைச் சொன்னேன், வெயிலையும் சொல்ல வேண்டும். இதை யாரும் சொல்வதில்லை. அடுக்குமாடியில் இருக்கிறவர்கள் நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். செப்டம்பர் 16, மலேசிய தினம். அந்த நாளையொட்டி நண்பகலில் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே நிற்கும். அதற்குப் பிறகு தெற்கே சாய ஆரம்பித்து, மார்ச் மாதக் கடைசி வரைக்கும் தெற்குப் பக்கமே இருக்கும். இதனால் என்ன? வடக்கு பார்த்த தாழ்வாரத்தில் ஜூன், ஜூலை மாதங்களில் அடித்த வெயில் அக்டோபரில் அடிக்காது. ஜூலையில் நன்றாகப் பூத்த செடி தீபாவளிக்குப் பூக்கவில்லையே என்று உரத்தை அள்ளிப் போடுகிறோம். உரத்தால் ஆகிற காரியம் இல்லை அது. இங்குள்ள தேசா மெந்தாரி அடுக்குமாடியில் ஒரே தளத்தில் எதிரும் புதிருமாக இருக்கும் இரண்டு வீட்டுக்கு ஒரே செடி சரிப்படாது. காலையில் சூரியன் உதிக்கும் பக்கம் முகத்தைக் காட்டி நில்லுங்கள். இடது கைப்பக்கம் வடக்கு. உங்கள் தொட்டி அந்தப் பக்கம் என்றால் நிழல் செடி, வலது பக்கம் என்றால் வெயில் செடி. இந்த ஒரு காரியத்தைச் செய்யாமல் செடி வாங்கப் போகாதீர்கள்.

வெயில் உள்ளவர்களுக்கு முதலில் சொல்கிறேன். செண்டுமல்லி, துலுக்கச் சாமந்தி, எப்படி வேண்டுமானாலும் சொல்லுங்கள். தீபாவளிப் பாத்திக்கு ராஜா அதுதான். அதன் பூர்வீகம் மெக்சிகோ. அங்கே நவம்பர் 1, 2 தேதிகளில் இறந்துபோன முன்னோரை வீட்டுக்கு அழைக்கும் திருநாள் வருகிறது. கல்லறையிலிருந்து வாசல்வரை இந்தப் பூவைத்தான் கொட்டி வழி காட்டுவார்கள். கடல் தாண்டி இந்தியா வந்து நம் சாமிக்கு மாலையாகி, நம்மோடு இங்கேயும் வந்து சேர்ந்த பூ.

இதில் இரண்டு வகை. உயரமாக வளர்ந்து, பந்து பந்தாகப் பூக்கும் மாலைக்குரிய வகை ஒன்று. முழங்காலுக்குக் கீழே நின்று, சின்னச் சின்னதாக, மஞ்சளில் பழுப்புச் சிவப்புத் தீற்றலோடு பூக்கும் குட்டை வகை இன்னொன்று. நாம் எல்லோரும் முதல் வகைக்கு ஆசைப்படுகிறோம். ஆனால் அந்தப் பந்து தண்ணீரை உறிஞ்சிக் கனத்துப்போகும். ஐந்து மணி மழைக்குப் பிறகு பார்த்தால் செடி மண்டியிட்டிருக்கும், பூவின் அடிப்பக்கம் கறுத்து அழுகியிருக்கும். கூரை இறவாணம் மறைக்கிற இடம் இருந்தால் உயர வகையை வையுங்கள், ஆளுக்கொரு குச்சி நட்டுக் கட்டுங்கள். திறந்த வெளியில், கோயில் முகப்பில், சாலையோரத்தில் குட்டை வகைதான். ஒரு மழையில் கெட்டுப்போன பூவைக் கிள்ளிப் போட்டால் நாலு நாளில் அடுத்தது விரிந்துவிடும்.

கணக்கு எளிது. உயர வகையை ஆகஸ்டு 31 மெர்டேக்கா வாரத்தில், முடிந்தால் அதற்குப் பத்து நாள் முன்பே விதையுங்கள். குட்டை வகைக்கு மலேசிய தினம் போதும். அன்றிலிருந்து தீபாவளிக்கு 53 நாள் இருக்கிறது. விதை ஒரு வாரத்துக்குள் முளைத்துவிடும். ஐந்தாறு இலை வந்ததும் நுனியைக் கிள்ளிவிடுங்கள். அக்காமார்களுக்கு இதைச் செய்ய மனசு வராது. கிள்ளாவிட்டால் ஒரு தண்டு, ஒரு பூ. கிள்ளினால் நாலு பக்கமும் கிளை வெடித்து, செடி அகலமாகும். விதை எங்கே கிடைக்கும் என்றால், கடையில் வாங்கிய மாலையைப் பிய்த்துப் போட்டால் முளைக்கும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. பெரும்பாலும் முளைக்காது. மாலைக்குப் பறிக்கும் பூ விதை முற்றுவதற்கு முன்பே பறித்த பூ. உங்கள் செடியிலேயே ஒரு பூவைப் பறிக்காமல் விட்டு, அது காய்ந்து சருகானதும் பிரித்துப் பாருங்கள். ஒரு பக்கம் கறுப்பும் மறுபக்கம் வெளுப்புமாக ஊசிபோல் இருப்பதுதான் விதை.

இந்தச் செடி இருந்தால் கொசு வராது என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். சும்மா நிற்கிற செடி கொசுவை விரட்டாது. மண்ணில் இருக்கும் நூற்புழுவைக் குறைக்கும் என்பது உண்மை. மிளகாய், கத்தரித் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு அந்த நன்மை உண்டு.

செண்டுமல்லிக்குப் பக்கத்தில் என்ன வைப்பது? வாடாமல்லி. என்னைக் கேட்டால் மழைக்காலத்துக்கு இதைவிடக் கெட்டியான பூ கிடையாது. நாம் பூ என்று நினைக்கும் அந்த ஊதா உருண்டை முழுக்கக் காகிதம்போன்ற செதில்கள். உண்மையான பூ அதற்குள்ளே கடுகளவு வெள்ளையாக எட்டிப் பார்க்கும். மழை அதை ஒன்றும் செய்யாது. மஞ்சளுக்கும் ஆரஞ்சுக்கும் நடுவில் அந்த ஊதா இருந்தால்தான் மஞ்சளே மஞ்சளாகத் தெரியும். விதை முளைக்க இரண்டு வாரம் வரை ஆகும், ஆகவே ஆகஸ்டு நடுவிலேயே போட்டுவிடுங்கள். மேலே உள்ள பஞ்சைத் தேய்த்துவிட்டு ஓர் இரவு ஊறப்போட்டால் சீக்கிரம் முளைக்கும். கோழிக்கொண்டையும் வைக்கலாம், அது மெர்டேக்கா வாரத்துச் செடி. ஆனால் வேரைத் தொந்தரவு செய்தால் கோபித்துக்கொண்டு விரலளவு கொண்டையோடு நின்றுவிடும். நேராகத் தொட்டியிலேயே விதைப்பது நல்லது.

வெயில் உள்ள இடத்துக்கு எல்லோரும் வாங்குகிற இரண்டு செடி உண்டு, இரண்டையும் நான் தீபாவளிக்குச் சொல்ல மாட்டேன். ஒன்று காகிதப்பூ. அதற்குத் தண்ணீர் குறையக் குறையத்தான் பூ. ஐப்பசி மழையில் இலையாகத் தழைத்து நிற்கும். இன்னொன்று பத்து மணிப்பூ. வெயில் அடித்தால்தான் விரியும்; மேகம் போட்டால் நாள் முழுக்கத் தூங்கும். பிப்ரவரியில் வையுங்கள், அப்போது இரண்டும் பிரமாதம்.

நிழல் பக்கத்து வீட்டுக்காரர்கள் மனசு ஒடிய வேண்டாம். காசித்தும்பை நம் இந்திய மண்ணின் செடி, ஈரம் அதற்கு அமிர்தம். வெளிச்சம் நன்றாக இருந்தால் நேர் வெயில் இல்லாமலே இளஞ்சிவப்பும் வெள்ளையும் ஊதாவுமாகத் தண்டோடு ஒட்டிப் பூக்கும். மலேசிய தினத்தன்று விதைத்தால் போதும். காய் பழுத்ததும் பிள்ளைகளைத் தொடச் சொல்லுங்கள். பட்டென்று வெடித்துச் சுருண்டு விதையை எறியும். அதன்பிறகு நீங்கள் விதை வாங்கவே வேண்டாம். டொரீனியா என்று ஒரு சின்னச் செடி, நீலத்தில் மஞ்சள் பொட்டு வைத்த பூ, அதுவும் நிழலுக்கு ஆகும்.

இன்னும் வெளிச்சம் குறைவு என்றால் பூவை விட்டுவிட்டு இலைக்கு வாருங்கள். வெள்ளைக்காரன் வருடத்தில் சில வாரம் பார்க்கிற இலை நிறத்தை நாம் வருடம் முழுக்க வைத்துக்கொள்ளலாம். அவர்கள் மரத்தில் பச்சையம் சிதைந்த பிறகுதான் மஞ்சள் வெளியே தெரியும். நம் குரோட்டன்ஸ் பச்சையமும் மஞ்சளும் சிவப்பும் ஒன்றாக வைத்துக்கொண்டே வளர்கிறது. அது இந்த மலாய்த் தீவுக்கூட்டத்தின் சொந்தச் செடி, வேறெங்கிருந்தும் வந்ததல்ல. ஆனால் குரோட்டன்ஸுக்கு வெளிச்சம் குறைந்தால் நிறம் மங்கும்; நல்ல நிழலுக்குக் கோலியஸ்தான் சரி. ஒரு துண்டை ஒடித்துத் தண்ணீரில் போட்டால் வேர் விடும். அக்கம்பக்கத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை.

கோயில் முகப்புப் பாத்தியைப் பற்றியும் கேட்டிருந்தார்கள். அங்கே பின்வரிசைக்கு நிலையான செடி வேண்டும்: செம்பருத்தி, இட்லிப்பூ, நந்தியாவட்டை. செம்பருத்தி 1960 ஜூலை 28 முதல் நம் தேசிய மலர். மாவுப்பூச்சி மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். வாய்க்கால் ஓரம் தண்ணீர் தேங்குகிற இடத்தில் கல்வாழை. அரளி பூஜைக்கு ஆகும், ஆனால் இலை, பூ, தண்டு எல்லாம் விஷம். சின்னப் பிள்ளைகள் ஓடியாடும் இடத்தில் அதை வைக்காதீர்கள். முன்வரிசை மட்டும் பருவத்துக்கு மாற்றுங்கள். மூன்று வகைக்கு மேல் வேண்டாம். பத்து வகையில் ஒவ்வொரு செடி நட்டால் தூரத்திலிருந்து பார்க்க ஒன்றும் தெரியாது. ஒரே மஞ்சளில் முப்பது செடி நட்டால் சாலையில் போகிறவர் திரும்பிப் பார்ப்பார்.

செடி வாங்குகிறவர்களுக்குச் சுங்கை பூலோ. அந்தச் செடிக்கடைகள் எப்படி வந்தன என்று இளையவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 1930-இல் அங்கே தொழுநோயாளிகளுக்கென்று ஒரு குடியிருப்பு கட்டினார்கள். ஊரும் உறவும் ஒதுக்கியவர்கள், எல்லா இனத்தவரும், நம்மவர்களும், அந்தப் பள்ளத்தாக்கில் வாழ்ந்தார்கள். குணமான பிறகும் வெளியே வேலை கொடுக்க ஆளில்லை. பூச்செடி வளர்த்து விற்றுத்தான் பலர் பிழைத்தார்கள். கிள்ளான் பள்ளத்தாக்கின் பாதி வாசல் அழகு அந்தக் கைகளால் வந்தது. இதைச் செடி விஷயத்துக்குச் சம்பந்தமில்லாதது என்று நான் நினைக்கவில்லை.

அங்கே போனால் பூத்துக் குலுங்குகிற செடியை எடுக்காதீர்கள். அது கடையிலேயே தன் வேலையை முடித்துவிட்ட செடி. மொட்டாக நிற்பதை எடுங்கள். பையின் அடியைத் திருப்பிப் பாருங்கள், வேர் வெளியே வந்து சுற்றிக்கொண்டிருந்தால் வேண்டாம். இலையைப் புரட்டிப் பாருங்கள், நுண்ணிய வலையோ மாவோ இருந்தால் அந்த வரிசையிலேயே வாங்காதீர்கள். உயரமானதைவிடக் குட்டையாக, அடியில் கிளைத்ததைத் தேடுங்கள்.

மண்ணைப் பற்றிச் சுருக்கமாக. மேல்மண் மூன்று பங்கு, மக்கிய எரு இரண்டு, மணல் ஒன்று. இந்நாட்டில் வழக்கமான கணக்கு இதுதான், நன்றாகவே வேலை செய்கிறது. தரையில் என்றால் பாத்தியை அரை அடியாவது உயர்த்துங்கள். நம் களிமண்ணில் தண்ணீர் நின்றால் செண்டுமல்லி இரண்டு நாளில் போய்விடும். மழை உரத்தைக் கழுவிக்கொண்டு போகும், அதனால் மொத்தமாகப் போடாமல் வாரத்துக்குக் கொஞ்சமாகப் போடுங்கள். இரவில் ஆப்பிரிக்க நத்தை வரும். ஒரே இரவில் நாற்றை மொட்டையடித்துவிடும். டார்ச் அடித்துப் பொறுக்குங்கள், ஆனால் வெறும் கையால் தொடாதீர்கள். மனிதர் மூளையைத் தாக்கும் ஒட்டுண்ணி அதில் இருக்கக்கூடும்.

கடைசியாக இரண்டு விஷயம், இரண்டும் அழகைப் பற்றியது அல்ல. தொட்டிக்குக் கீழே வைக்கிற தட்டு. அதில் தேங்கும் தண்ணீரில் ஏடிஸ் கொசு ஒரு வாரம் பத்து நாளில் முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாகிவிடுகிறது. டிங்கி அதிகமாகப் பதிவாகும் மாநிலம் நம் சிலாங்கூர். 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி வீட்டில் கொசுப்புழு இருந்தால் அபராதம் கட்ட வேண்டும். அபராதத்தை விடுங்கள், பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் என்ன செய்வது? தட்டே வேண்டாம். தொட்டியை இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள்.

இரண்டாவது, கைப்பிடிச் சுவர். 2018 ஜனவரியில் இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் உள்ள பந்தாய் டாலாம் அடுக்குமாடியில் மேலிருந்து வந்த ஒரு நாற்காலி கீழே நடந்துபோன பள்ளி மாணவரின் உயிரை எடுத்தது. ஈர மண் நிறைந்த தொட்டியும் அந்த நாற்காலியைப் போலவே கனமாக இருக்கக்கூடும். மழையோடு வரும் காற்றுக்கு அது பெரிய பாரம் இல்லை. சுவர்மேல் ஒரு தொட்டிகூட இருக்கக் கூடாது, வெளிப்பக்கம் கம்பியில் தொங்கவும் கூடாது. தரையில் வையுங்கள், அதுவும் தாழ்வாரத்தில் நடப்பவருக்கும் சக்கர நாற்காலிக்கும் வழி விட்டு வையுங்கள். சுவர் உயரத்துக்குப் பூ வேண்டுமென்றால் தரையில் இருக்கும் தொட்டியிலிருந்து சங்குப்பூக் கொடியை ஏற்றிவிடுங்கள். மழையில் நன்றாகவே பூக்கும், நீல நிறமும் கிடைத்துவிடும்.

வாடாமல்லியை ஆகஸ்டு நடுவில், கோழிக்கொண்டையையும் உயரச் செண்டுமல்லியையும் மெர்டேக்கா வாரத்தில், குட்டைச் செண்டுமல்லியையும் காசித்தும்பையையும் மலேசிய தினத்தன்று விதையுங்கள். இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் தாழ்வாரத்தில் நின்று எந்தப் பக்கம் வடக்கு என்று பார்த்துவிடுங்கள், தொட்டித் தட்டுகளை எடுத்துக் கவிழ்த்துவிடுங்கள். கேள்வி இருந்தால் இப்போது கேட்கலாம்.